மொட்டைமாடியில் காலநிலைப் படவிழா: ஜெனரேட்டர் இல்லாமல் நடத்தலாமா?

ஐந்தாம்மாடி அக்கா

வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் எங்கள் தொடர்மாடி, 24 வீடுகள். பெப்ரவரியில் ஒரு சனி இரவு மொட்டைமாடியில் படவிழா வைக்கிறோம். காலநிலை மாற்றம், சூரிய மின்சாரம், காற்றாலை பற்றிய படங்கள். ‘விழா’ என்பது பெரிய சொல்தான். ஒரு வெள்ளைப் பெட்சீட், நாற்பது பிளாஸ்டிக் கதிரை, வடை, பிளேன்டீ, அவ்வளவுதான்.

கூட்டத்தில் கமிட்டித் தலைவர் ஐயா, “கரண்ட் போனாலும் பயமில்லை பிள்ளை, கீழே ஜெனரேட்டர் இருக்குத்தானே” என்றார். அது டீசல் ஜெனரேட்டர். ஓடத் தொடங்கினால் புகை நேரே மூன்றாம் மாடிச் சமையலறைக்குள் போகும். 2022 மார்ச் கடைசியில் 13 மணித்தியால மின்வெட்டு வந்தபோது அந்த வீட்டுக்காரருக்கும் கமிட்டிக்கும் வந்த சண்டை இன்னும் முடியவில்லை. டீசல் புகையில் சோலார் படம் காட்டமாட்டேன் என்று நான் வாயைக் கொடுத்துவிட்டேன். கூரையில் 5 கிலோவாட் சோலார் பூட்டியிருக்கு. கரண்ட் போனால் அதில் ஓட்டலாம்தானே?

அடுத்தது, என்ன படம் போடுவது? தேடினால் எல்லாம் பனிப்பாறையும் வெள்ளைக் கரடியும்தான். என் அம்மாவுக்கு 71 வயது. “பாவம், நனைஞ்சுபோய் நிக்குது” என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போய்விடுவா.

தெஹிவளை வயர்மன்

அக்கா, முதலில் ஒன்று: இரவில் வெயில் இல்லை. சரி, பகிடியை விட்டுவிடுவோம். பட்டப்பகலாக இருந்தாலும் பற்றரி இல்லாத சோலார் என்றால் லைனில் கரண்ட் நின்றவுடன், சோலார் கரண்டை வீட்டுக் கரண்டாக மாற்றும் இன்வேர்ட்டரும் நின்றுவிடும். அது பழுது இல்லை, வேண்டுமென்றே அப்படிச் செய்திருக்கிறார்கள். லைன் செத்துப்போச்சு என்று நம்பிக் கம்பத்தில் ஏறுகிறவனுக்கு உங்கள் கூரையிலிருந்து கரண்ட் வந்தால் அவன் கதை முடிந்தது. நான் பூட்டிக் கொடுத்த வீட்டுக்காரர் பலர் இதை முதல் மின்வெட்டன்றுதான் கண்டுபிடித்தார்கள். ஏச்சு எனக்கு.

பற்றரிதான் வழி. புரொஜெக்டர் 300 வாட், ஸ்பீக்கர் 100, லப்டொப் 60. மூன்று மணித்தியாலத்துக்குக் கிட்டத்தட்ட 1.4 யூனிட் வேண்டும். 12 வோல்ட், 200 ஆம்பியர்-அவர் ஈயப் பற்றரியில் 2.4 யூனிட் இருக்கு என்று கடைக்காரர் சொல்லுவார். பாதிக்கு மேல் இறக்கினால் பற்றரி சீக்கிரம் செத்துவிடும், ஆக கையில் வருவது 1.2தான். இரண்டு எடுங்கள். 100 வாட் எல்.ஈ.டி. புரொஜெக்டர் கிடைத்தால் ஒன்று போதும், ஆனால் தெருவிளக்கு வெளிச்சத்தில் படம் மங்கும். பகலில் சோலார் ஓடும்போதே சார்ஜ் பண்ணி வையுங்கள். டீசல் இல்லை என்ற உங்கள் வாக்கும் நிற்கும்.

பெட்சீட்டைக் கீழ் மூலையிலும் இறுக்கிக் கட்டுங்கள். கடற்காற்று சும்மா விடாது.

கொட்டாஞ்சேனைவாசி

நாங்கள் முன்பு ஒரு மண்டபத்தில் இப்படி ஒன்று நடத்திக் கையைச் சுட்டுக்கொண்டோம். 90 நிமிட ஆங்கிலப் படம், அடியில் தமிழ் எழுத்து. எழுத்தை முன்வரிசைத் தலைகள் மறைத்துவிட்டன. மற்றவர்கள் மூக்குக்கண்ணாடி கொண்டுவரவில்லை. இடைவேளையில் ரோல்ஸ் முடிந்தது, அதோடு சனமும் முடிந்தது. திரையின் அடிப்பகுதி ஆட்களின் தலைக்கு மேல் வரவேண்டும். படம் ஒன்று 15 நிமிடத்தைத் தாண்டக் கூடாது. ஒருவர் மைக்கில் தமிழில் சொல்லிக்கொண்டே போனால் இன்னும் நல்லது.

வீட்டு நெட்ஃபிளிக்ஸ் கணக்கை ஊருக்குப் போட்டுக் காட்ட முடியாது. சில ஆவணப்படங்களுக்கு மட்டும், கல்வி நோக்கத்துக்கு, டிக்கெட் இல்லாமல் ஒரு தடவை காட்ட அனுமதி தருகிறார்கள். எதை எடுத்தாலும் உரிமைக்காரருக்கு எழுதிக் கேளுங்கள்.

மன்னாரான்

காற்றாலைப் படம் என்றால் மன்னாரைக் காட்டுங்கள். தம்பபவனியில் 30 காற்றாடி, 103.5 மெகாவாட். கடல் பக்கமிருந்து எடுத்தால் அவ்வளவு வடிவு. ஆனால் என் மாமாவைக் கேட்டால், மழைத்தண்ணி முந்தி மாதிரி வடிந்து ஓடுதில்லை என்பார். வலசை வரும் பறவைகளின் கதை வேறு. 2025இல் புதுக் காற்றாலைகள் வேண்டாம் என்று சனம் றோட்டில் இருந்தது. கொழும்பில் கைதட்டும்போது அந்த முகங்களும் திரையில் இருக்கட்டும். மாமாவோடு போனில் எடுத்த ஆறு நிமிட வீடியோ இருக்கு. பாதிக்குக் காற்றுச் சத்தம்தான். பரவாயில்லை என்றால் அனுப்புகிறேன்.

ஐந்தாம்மாடி அக்கா

அனுப்புங்கோ தம்பி, காற்றுச் சத்தத்தோடயே.

வயர்மன் தம்பி, இன்னொன்று. நாலாம் மாடிப் பொடியன் 2025 பெப்ரவரி 9 நாடு முழுக்கக் கரண்ட் போனது பற்றி நாலு நிமிடப் படம் எடுக்கிறான். பாணந்துறை உபமின்நிலையத்தில் கம்பியில் பட்ட குரங்காக அவன் தங்கச்சி நடிக்கிறாள், வாலுக்கு என் பழைய துப்பட்டா. ஒரு குரங்கு எப்படி முழு நாட்டையும் இருட்டாக்கும் என்று என்னிடம் கேட்கிறான்.

தெஹிவளை வயர்மன்

குரங்கை மட்டும் குற்றம் சொல்லாதேங்கோ. அன்று ஞாயிற்றுக்கிழமை, பகல். கடை, கந்தோர் பூட்டு, தேவை குறைவு. கூரைகளிலிருந்து சோலார் கொட்டுது. பெரிய மின்நிலையங்களின் பாரமான சுழலிகள் ஓடிக்கொண்டிருந்தால் ஓர் இடத்தில் அடி விழுந்தாலும் அவற்றின் வேகம் கொஞ்ச நேரம் தாங்கிப் பிடிக்கும். அன்று அப்படித் தாங்க ஆள் குறைவு. நுரைச்சோலை நிலக்கரி மின்நிலையத்தின் மூன்று இயந்திரங்களும் நின்றன, அடுத்த நாட்களில் ஒன்றரை மணித்தியாலப்படி வெட்டினார்கள். அந்தச் சித்திரை வருசப் பிறப்புக்கு, கூரைச் சோலாரைப் பகலில் நிறுத்தி வையுங்கள் என்று மின்சார சபையே கேட்டது. பொடியனுக்கு ஒரு வரி: வெயில் இருக்கு, சேர்த்து வைக்கப் பற்றரி இல்லை.

ஐந்தாம்மாடி அக்கா

அந்த வரியைக் குரங்கே சொல்லப்போகுதாம்.

பற்றரிக் கணக்கைத் தலைவர் ஐயாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டு இரண்டு தரம் கூட்டிப் பார்த்துவிட்டு, “சரி பிள்ளை, அப்ப லிப்டுக்கு?” என்றார். கரண்ட் போனால் என் அம்மாவே படியிறங்க மாட்டா. எனவே லிப்டுக்கு மட்டும் ஜெனரேட்டர், மூன்றாம் மாடிக்காரருக்கு முன்வரிசைக் கதிரை என்று முடிவு.