வாளையாருக்கு டிரோன்: அந்த 45 நிமிஷம்

மதுக்கரைச் சிறகன்:
"2 கிலோவுக்குள்ள ஒரு குவாட் (நாலு விசிறி டிரோன்) கட்டுனா வாளையார் செக்போஸ்ட் போலீஸுக்கு 45 நிமிஷம் வானத்துல கண்ணு கெடைக்கும்"னு நேத்து ஒருத்தர் இங்க எழுதிட்டுப் போயிருக்காருங்க. அதுக்குக் கைதட்ட ஒரு கூட்டம் வேற. வாளையாருங்க அது, கேரள எல்லையில பாலக்காட்டுக் கணவாயோட வாய். கஞ்சிக்கோட்டுல காத்தாலை நட்டு வெச்சிருக்கறது அழகுக்கா? ஆனி ஆடியில அந்தக் காத்துல 45 நிமிஷம் நிக்குமாம். நிக்கும், மேஜை மேல.

ஆறுசெல்:
எழுதுனது நான்தான் சிறகண்ணா, பேர் சொல்லியே திட்டலாம். கணக்கு இதோ. 21700 லித்தியம் செல், 5000 எம்ஏஎச், 6எஸ்2பி, அதாவது தொடரா ஆறு, பேரலலா ரெண்டு, மொத்தம் 12. செல் ஒண்ணு 70 கிராம். நிக்கல் பட்டை, வயர், கனெக்டர் சேர்த்து பேக் 900. ஃபிரேம் 350. மோட்டார் நாலும் 300. மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தற இஎஸ்சி, 15 இன்ச் புரொபெல்லர், ஃப்ளைட் கன்ட்ரோலர், ஜிபிஎஸ், ரேடியோ எல்லாம் 240. கேமராவும், அதை ஆடாமப் பிடிக்கற கிம்பலும் 150. ஆக 1,940 கிராம். வாட்டுக்கு எட்டரை கிராம் தூக்குச்சுன்னா 228 வாட், எலக்ட்ரானிக்ஸுக்கு 12, மொத்தம் 240. பேக்ல இருக்கறது 216 வாட் அவர், அதுல 80 சதவீதம் எடுத்தா 173. வகுத்துப் பாருங்க, 43 நிமிஷம். ரெண்டு நிமிஷத்துக்கா இந்த ஆட்டம்?

மதுக்கரைச் சிறகன்:
நேத்து 45, இன்னிக்கு 43. நாளைக்கு எவ்வளவுங்க? சரி, 43ன்னே வெச்சுக்குவோம். தென்மேற்குக் காத்து மேற்கிருந்து கிழக்கே அடிக்குது. செக்போஸ்ட்டுல ஏத்துனா எட்டிமடைப் பக்கம் தானா ஓடிரும், கைதட்டலாம். திரும்பறது? காத்து விநாடிக்கு 12 மீட்டர். உங்க குவாட் முக்கி முனகி 15 மீட்டர் போகும். தரையில நகர்றது 3 மீட்டர். 3 கிலோமீட்டர் திரும்பி வர 1,000 விநாடி, பதினேழு நிமிஷம். அதுவும் மூக்கைக் கவுத்துக்கிட்டு, 240 வாட்டைத் தாண்டி இழுத்துக்கிட்டு. பார்க்கறதுக்கு எத்தனை நிமிஷம் மிச்சம்? 45ன்னு மட்டும் இனி சொல்லாதீங்க.

புதுசு_2:
ஒரு சந்தேகம் சார். 45 நிமிஷம்னா பேட்டரி தீர்ற வரைக்குமா, எறங்கற வரைக்குமா, இல்ல கேமரா பார்க்கற நேரம் மட்டுமா?

ஒலவக்கோடு அம்பி:
சிறகன் காத்தைப் பிடிச்சுண்டு தொங்கறார். நெசமான கோளாறு செல்லிலே இருக்காக்கும். 5000 எம்ஏஎச் செல் கொள்ளளவுக்குச் செஞ்சது, தொடர்ந்து தர்றது 10 ஆம்பியர் சுத்தி. ரெண்டு பேரலல்னா 20. சும்மா நிக்கறச்சே 11 தான் எடுக்கும், சரி. காத்துத் தட்டு விழுந்தா 30 தாண்டும். அப்போ செல்லுக்கு 15, உள்தடை 30 மில்லி ஓம்னு வெச்சாலும் 0.45 வோல்ட் இறங்கும். 30 சதவீதம் மிச்சம் இருக்கறப்போ 3.5 வோல்ட் செல் 3.05 காட்டும். ஆறுக்கு 18.3. ஃபெயில்சேஃப்பை (வோல்ட் கொறஞ்சா தானா திரும்ப வெக்கற ஏற்பாடு) 19.8ல வெச்சிருந்தா, பேட்டரியில சார்ஜ் இருக்கறப்பவே வீட்டுக்குத் திரும்பிடும். வோல்ட் இறங்கினா எத்தனை விநாடி பொறுக்கணும்ங்கற டைமரைக் கூட்டுங்கோ, வோல்ட்டை மட்டும் நம்பாம செலவான எம்ஏஎச்சை வெச்சும் ஃபெயில்சேஃப் போடுங்கோ. இல்லேன்னா 4200 எம்ஏஎச் உயர் மின்னோட்டச் செல் போடுங்கோ. எடை அதே, 181 வாட் அவர்.

மதுக்கரைச் சிறகன்:
181ல 80 சதவீதம் 145. 240 வாட்டுக்கு 36 நிமிஷம். 45, 43, 36. ஏலம் இறங்கிட்டே போகுது. நன்றி அம்பி.

ஆறுசெல்:
அம்பி யார் பக்கம்னே தெரியல. சிறகண்ணா, குவாட்டுக்குப் பதிலா நீங்க சொல்ற இறக்கை விமானத்துக் கணக்கைப் போடுங்களேன் பார்ப்போம்.

மதுக்கரைச் சிறகன்:
போடறனுங்க. 1.8 மீட்டர் இறக்கை, இபிஓ ஃபோம், நடுவுல 10 மில்லிமீட்டர் கார்பன் குழாய், எல்லாம் சேர்த்து 1.9 கிலோ. லிஃப்ட்டுக்கும் (மேல தூக்கற விசை) இழுவைக்கும் விகிதம் 9. விநாடிக்கு 15 மீட்டர்ல இழுவை ஏறக்குறைய 2.1 நியூட்டன், அதாவது 31 வாட். மோட்டாரும் புரொபெல்லரும் பாதியைத் தின்னுட்டாலும் 62. கேமரா, ரேடியோவுக்கு 15. ரவுண்டா 80. பேட்டரி உங்க செல்லுதான், ஆனா எட்டே எட்டு, 4எஸ்2பி, 144 வாட் அவர். 80 சதவீதத்துல 86 நிமிஷம். எதிர்க்காத்துன்னா வேகத்தை 20க்கு ஏத்திக்கலாம், வாட் கூடும், ஆனா வீட்டுக்கு வந்து சேரும். 86ல கால்வாசியைக் காத்துக்குக் குடுத்தாலும் ஒரு மணி நேரம். இதைத்தான் மூணு மாசமாச் சொல்றேன். யாரு கேட்டா?

ஆறுசெல்:
ஒரு மணி நேரம் சுத்தும், சரி. ஒரு லாரியை நின்னு பார்க்குமா? 15 மீட்டர் வேகத்துல 20 டிகிரி சாஞ்சா வட்டத்தோட ஆரமே 63 மீட்டர். காத்துல அந்த வட்டம் முட்டையாகும். கிம்பல் சுத்திச் சுத்தி வயரே முறுக்கிக்கும். எறக்கறது எங்க? செக்போஸ்ட்டுல லாரி கூரை மேலயா? வயிறு தேய எறங்க 80 மீட்டர் வெத்து நெலம் வேணும். அப்புறம் இபிஓவுல ஹாட் குளூ போதும்னு சொன்னதும் இதே ஆள்தானே. சித்திரை வெயில்ல கார் டிக்கியில வெச்சா மோட்டார் மவுண்ட் தனியா கழண்டு வரும்.

மதுக்கரைச் சிறகன்:
ஹாட் குளூ நான் சொன்னது சர்வோ வயரை ஒட்டறதுக்கு. மோட்டார் மவுண்ட்டுக்கு எப்பாக்ஸின்னு அதே பதிவுலதான் இருக்குது. முழுசாப் படிக்கற வழக்கம் இல்லீங்களா? 45ஐயும் அப்படித்தான் பாதிப் படிப்புல எடுத்தீங்களோ.

எல்லைச்சாமி:
அண்ணன்களே, ரெண்டு பேரும் சேர்ந்து போலீஸை உள்ள தள்ளிராதீங்க. டிரோன் விதிகள் 2021ல விலக்கு முப்படைக்கு மட்டும்தான். போலீஸ் டிரோனுக்கும் பதிவு எண் வேணும். 2 கிலோவைத் தாண்டுச்சுன்னா மைக்ரோ வகை போயி ஸ்மால் வகை. அந்த 1,940 கிராமுக்கு மேல ஒரு ஸ்பீக்கர் கட்டுனீங்கன்னா கதை முடிஞ்சுது.

ஆறுசெல்:
எல்லையில இருந்து 25 கிலோமீட்டருக்குள்ள பறக்கக் கூடாதுன்னும் 2018 விதியில ஒண்ணு இருந்துச்சே?

எல்லைச்சாமி:
அது நாட்டு எல்லைக்குங்க! வாளையாறைத் தாண்டுனா பாகிஸ்தானா?

ஒலவக்கோடு அம்பி:
டெலிமெட்ரிக்கு (டிரோன் தரைக்கு அனுப்பற தகவல்) 915 மெகாஹெர்ட்ஸ் செட்டை ஆன்லைன்ல வாங்கிப் போடறா, பாதிப் பேர். இங்கே அது லைசென்ஸ் தேவையில்லாத பட்டையில வராது. 865லேர்ந்து 868 வரைக்கும்தான் போகணும். போலீஸுக்குக் கட்டறோம்னு சொல்லிண்டு அலைவரிசையிலே திருட்டுத்தனம் வேண்டாம். ஜிபிஎஸ்ஸும் காம்பஸும் 12 சென்டிமீட்டர் கம்பு மேல வையுங்கோ, பேட்டரி வயரை முறுக்கி விடுங்கோ. இல்லேன்னா ஒரே இடத்துல நிக்கச் சொன்னா தண்ணித் தொட்டிச் சுழல் மாதிரி வட்டம் போடும். அப்போ சிறகனுக்குச் சிரிப்பு வரும்.

மதுக்கரைச் சிறகன்:
இப்பவே வருதுங்க. நிக்கற வண்டியும் வட்டம்தான் போடுமாம். அப்ப எங்க வட்டத்தை எதுக்குக் குறை சொல்றீங்க?

ஆறுசெல்:
ராத்திரி வேலைக்குத்தான் குவாட். கஞ்சா வண்டி காட்டுப்பாதையில வர்றப்போ தெர்மல் (சூட்டைப் பார்க்கற கேமரா) வேணும், நின்னு பார்க்கணும். மதுக்கரை ரயில் பாதையில யானைக்காக 2024ல வனத்துறை கோபுரம் கோபுரமா வெச்சதும் நின்னு பார்க்கற கேமராதானே.

ஒலவக்கோடு அம்பி:
கோபுரத்துக்குப் பேட்டரி தீராது. 640க்கு 512 தெர்மல், 12 மைக்ரான் பிக்சல், 13 மில்லிமீட்டர் லென்ஸ்னு வெச்சுக்கோங்கோ. 100 மீட்டர் உயரத்துலேர்ந்து ஒரு பிக்சல் தரையில 9 சென்டிமீட்டர். மனுஷன் தோள் அகலம் அஞ்சாறு பிக்சல். ஏதோ சூடா நகர்றதுன்னு தெரியும், யாருன்னு தெரியாது. சித்திரையிலே பாறையெல்லாம் பகல் சூட்டை வாங்கி வெச்சுண்டிருக்கும், சாயங்காலம் மனுஷ உடம்பும் பாறையும் ஒரே நிறம். விடியறதுக்கு முன்னாடிதான் படம் பிரியும்.

மதுக்கரைச் சிறகன்:
ஆக ராத்திரி முழுக்க நிக்கணும். 36 நிமிஷ வண்டி ராத்திரி முழுக்க நிக்கணும்னா எத்தனை பேக், எத்தனை சார்ஜர்? 8.4 ஆம்பியர் அவர் பேக்கை 4 ஆம்பியர்ல ஏத்துனாக்கூட ரெண்டு மணி நேரத்துக்கு மேல. நாலு பேக் பத்தாது, அஞ்சு ஆறு வேணும். பறந்து வந்த சூட்டோட சார்ஜ் போட்டா சீக்கிரமே எல்லாம் குப்பை. சூடு ஆறணும். இதையெல்லாம் கணக்குப் போடாம 45ன்னு ஒரு நம்பரை வெச்சுக்கிட்டு...

புதுசு_2:
சார், நான் கேட்டது?

ஆறுசெல்:
36 இல்லீங்க. 5000 செல்லையே வெச்சுக்கறேன், கிம்பலையும் கேமராவையும் கழட்டறேன். 1,790 கிராம். 211 வாட்டும் 12ம் சேர்த்து 223. 173ஐ வகுங்க. 46 நிமிஷம். 45ஐத் தாண்டியாச்சு.

மதுக்கரைச் சிறகன்:
கேமராவைக் கழட்டிட்டா?

ஆறுசெல்:
46 வருதா இல்லியா, அதைச் சொல்லுங்க.

எல்லைச்சாமி:
கண்ணைப் புடுங்கிட்டு வானத்துல கண்ணுன்னா எப்படிங்க.

மதுக்கரைச் சிறகன்:
வராதுங்க. 6எஸ் பேக் எடை 900ன்னு போட்டிருக்கீங்க. 12 செல்லே 840. நிக்கல், வயர், எக்ஸ்டி60 கனெக்டர், ஷ்ரிங்க் உறை, பேலன்ஸ் வயர் எல்லாம் 60 கிராமுக்குள்ள அடங்குமா? தராசுல வெச்ச படத்தைப் போடுங்க. அப்புறம் பேசலாம்.

ஆறுசெல்:
முதல்ல உங்க லிஃப்ட் விகிதம் 9க்குப் படம் போடுங்க.