சாமுராய் சாம்ப்ளூ 14ஆவது எபிசோட் பாட்டுக்கு அர்த்தம் வேண்டும்

வணக்கம் மக்களே, ஜப்பானிய மொழி படித்தவர்கள் யாராவது இருந்தால் கொஞ்சம் உதவுங்கள். ஷினிச்சிரோ வதனாபே 2004இல் எடுத்த 'சாமுராய் சாம்ப்ளூ' என்ற ஜப்பானிய அனிமேஷன் தொடரை இப்போதுதான் பார்த்து முடித்தேன், மொத்தம் 26 எபிசோட். சாமுராய்கள் வாழ்ந்த எடோ காலத்துக் கதை, ஆனால் பின்னணியில் ஓடுவது ஹிப்ஹாப். நாயகர்களில் ஒருவனான முகென் வாள் வீசுவதே பிரேக் டான்ஸ் மாதிரிதான் இருக்கும். தொடருக்கு இசையமைத்தவர்களில் ஒருவரான நுஜாபெஸ் இசையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், மனுஷன் 2010இல் விபத்தில் போய்விட்டார் என்று தெரிந்ததும் மனசு கனத்துவிட்டது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். 14ஆவது எபிசோடில் முகென் சாவின் விளிம்பில் கிடக்கும்போது ஒரு பெண் குரல் ஒப்பாரி மாதிரி இழுத்துப் பாடுகிறதே, அது இகுவே அசாசாகி பாடியது. ஜப்பானின் தெற்கே இருக்கும் அமாமி தீவு நாட்டுப்புறப் பாட்டு. ரியூக்யூவில் (இன்றைய ஒகினாவா) பிறந்த முகெனுக்குப் பக்கத்துத் தீவுப் பாட்டையே போட்டிருக்கிறார்கள், அதுதான் என்னை ஏதோ செய்துவிட்டது. ஆனால் வரிகள் தீவுப் பேச்சில் இருப்பதால் மொழிபெயர்ப்பு செயலியில் போட்டால் உளறல்தான் வருகிறது. என் சப்டைட்டிலிலும் அந்த இடம் காலி.

வரிக்கு வரி வேண்டாம், பாட்டு எதைப் பற்றியது என்று சொன்னாலே போதும். அப்புறம், அமாமி பாட்டுகளில் வேறு எதைக் கேட்கலாம்?