கோல்ஃபில் பார், போகி, பேர்டி: குழப்பம் தீர்க்க உதவுங்கள்

புதிய ரசிகன்:
வணக்கம். ஒரு மாதமாக டிவியில் கோல்ஃப் பார்க்கிறேன், ஆட்டம் பிடித்துப்போய்விட்டது, ஆனால் வர்ணனை பாதி புரியவில்லை. நேற்று ஒருவர் 5 அடியில், அதாவது ஐந்து முறை அடித்து, பந்தைக் குழியில் போட்டார், போகி என்றார்கள். அடுத்த குழியில் இன்னொருவர் அதே 5 அடியில் போட, பார் என்றார்கள். பட்டியலில் முதலிடத்தில் இருப்பவருக்கோ மைனஸ் 9. மைனஸ் வாங்கியவர் எப்படி முதலில் வருவார்?

பட்டர் பிரியன்:
பார் புரிந்தால் மற்றதெல்லாம் தானாக வந்துவிடும். ஒரு குழியைத் தேர்ந்த ஆட்டக்காரர் இத்தனை அடியில் முடிக்க வேண்டும் என்று வைத்திருக்கும் கணக்குதான் பார். தூரத்தைப் பொறுத்து பெரும்பாலும் 3, 4 அல்லது 5. அதில் 2 அடி எப்போதுமே கிரீனில், அதாவது குழியைச் சுற்றியுள்ள வழவழப்பான புல்தரையில், உருட்டுவதற்கு; அந்த உருட்டலுக்குப் பெயர் பட். பார் 4 என்றால் டீயிலிருந்து (தொடங்கும் இடம்) ஒரு அடி, ஃபேர்வேயிலிருந்து (இடையில் உள்ள வெட்டிய புல்வெளி) ஒரு அடி, அதற்குள் பந்து கிரீனில் ஏறியிருக்க வேண்டும், அப்புறம் இரண்டு பட். நீங்கள் பார்த்த முதல் குழி பார் 4, அதனால் ஒன்று கூடிப்போய் போகி. அடுத்தது பார் 5. ஒன்று குறைந்தால் பேர்டி, இரண்டு குறைந்தால் ஈகிள். 18 குழிக்கும் சேர்த்துப் பெரும்பாலும் 72 வரும், உங்கள் முதலிடக்காரர் இதுவரை பாரை விட 9 அடி குறைவாக அடித்திருக்கிறார், அவ்வளவுதான்.

பழைய ஆட்டக்காரன்:
மூன்று குறைந்தால் ஆல்பட்ராஸ், அதை விட்டுவிட்டீர்களே! 1935இல் அமெரிக்காவின் அகஸ்டா மைதானத்தில் நடந்த போட்டி, கடைசிச் சுற்றின் 15ஆவது குழி, பார் 5. ஜீன் சாரசென் என்ற ஆட்டக்காரர் சுமார் 235 கெஜத்திலிருந்து அடித்த இரண்டாவது அடி நேராகக் குழிக்குள் போனது. முதலிடத்துக்கு 3 அடி பின்தங்கியிருந்தவர் அந்த ஒரே அடியில் சமன் செய்து, மறுநாள் பிளேஆஃபில் (சமனை முறிக்கும் கூடுதல் ஆட்டம்) ஜெயித்தார். எனக்கு இன்றும் சிலிர்க்கும்.
போகியைத் தோல்வி மாதிரி நினைக்காதீர்கள். 1890களில் இங்கிலாந்தில் நல்ல ஆட்டக்காரரின் இலக்குக்கே போகி என்றுதான் பெயர், பிறகுதான் அது பாருக்கு ஒன்று கூடுதலாக மாறியது. புதிதாக ஆடுபவர் ஒரு குழியை போகியில் முடித்தால் தாராளமாகச் சந்தோஷப்படலாம்.

புதிய ரசிகன்:
மிக்க நன்றி, இப்போது தெளிவாகிவிட்டது. இன்னொன்று, சில சமயம் அடித்தவுடனே ஃபோர் என்று கத்துகிறார்களே, அது நாலாவது அடி என்று சொல்வதா?

பட்டர் பிரியன்:
இல்லை இல்லை, அது எண் கிடையாது, எச்சரிக்கை. வலது கைக்காரர் அடித்த பந்து நேராகக் கிளம்பி, பாதி வழியில் வலப்பக்கம் வளைந்து (இதுதான் ஸ்லைஸ், இடப்பக்கம் வளைந்தால் ஹுக்) ஆட்கள் நிற்கும் பக்கம் போனால் உடனே கத்த வேண்டும். மைதானத்துக்கு நேரில் போகும்போது அந்தக் குரல் கேட்டால் பந்து எங்கே வருகிறது என்று அண்ணாந்து பார்க்கவே பார்க்காதீர்கள். இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டு அப்படியே குனிந்துவிடுங்கள்.