மறுமொழி: ‘எதிர்மறைச் சுதந்திரம்’ – வேறு சொல் உண்டா?

மொழிபெயர்ப்பாளர், பிடோக், சிங்கப்பூர்:
வியாழன் காலை அச்சுக்குப் போகிறது. தத்துவ அறிஞர் ஐசையா பெர்லின் 1958இல் ஆக்ஸ்ஃபோர்டில் ஆற்றிய உரை பற்றிய கையேடு, தொடக்கக் கல்லூரி மாணவர்களுக்கு. அவர் சுதந்திரத்தை இரண்டாகப் பிரிப்பார்: பிறர் குறுக்கிடாமல் இருப்பது ஒன்று, தன்னைத் தானே ஆள்வது மற்றொன்று. முன்னதற்கு ‘எதிர்மறைச் சுதந்திரம்’ என்று போட்டேன். படித்த மாணவி, “அப்போ இது கெட்ட சுதந்திரமா, சார்?” என்றாள்.

ஓய்வுபெற்ற ஆசிரியர், தோ பாயோ:
தம்பி, முதலில் அந்தச் சுதந்திரத்தை எடுங்கள். ஸ்வதந்த்ரம், வடசொல். நமக்கு விடுதலை இருக்கிறது. விடு என்னும் முதனிலை நீண்டு வீடு. கெடு கேடு ஆனதுபோல. அறம், பொருள், இன்பம், வீடு!

செங்காங் தம்பி:
வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுக்கு நாலு வருசமாகக் காத்திருக்கிறேன் ஐயா. வீடுபேறு பற்றி என்னிடமே சொல்கிறீர்களா? பேசாமல் மலாயில் சொல்வதுபோல் மெர்டேக்கா என்று போடுங்கள், எல்லாருக்கும் புரியும்.

நூலகத்து அக்கா:
மெர்டேக்காவும் சமஸ்கிருத வழி வந்ததுதான்: மகர்த்திக, செல்வாக்குடையவன். டச்சுக்காரர் காலத்துப் படாவியாவில் (இன்றைய ஜகார்த்தா) விடுவிக்கப்பட்ட அடிமைகளையும் அவர்கள் வழிவந்தவர்களையும் மார்டைக்கர் என்றார்கள். விடுதலையிலும் அந்த வாடை உண்டு. ஒருவர் பிடித்து வைத்திருந்தால்தானே விட முடியும்? பெர்லின் பேசுவது ஒரு நாள் நிகழ்ச்சியை இல்லை, நிலையை. ஊர்க்கணக்கில் பணியாளருக்கு அளந்த நெல்லுக்கும் ‘சுதந்திரம்’ என்றே பெயர். அந்தச் சொல் நம் களத்து மேட்டிலேயே கிடந்தது ஐயா, விடுங்கள்.

எனக்குக் கவலை இரண்டாவது வகை. “உன் உண்மையான விருப்பம் எனக்குத் தெரியும்” என்று சொல்லி ஒருவன் வாயைப் பொத்துவது அதன் பெயரில்தான். பெர்லின் பயந்ததும் அதற்கே. ஆள்வது யார் என்பது சொல்லிலேயே தெரியட்டும்: ‘தன்னாள் சுதந்திரம்’.

ஆசிரியர்:
தன்னாளா? ‘நம்ம ஆளு’ என்று படிப்பார்கள்!

செங்காங் தம்பி:
தன்னாட்சி?

ஆசிரியர்:
அது கல்லூரிகளுக்குக் கொடுப்பது.

மொழிபெயர்ப்பாளர்:
மணி ஒன்றரை. ‘தடையில்லாச் சுதந்திரம்’, ‘தன்னை ஆளும் சுதந்திரம்’. மூவர் சரி என்றார்கள், அனுப்பிவிட்டேன்.

ஆசிரியர்:
இவை கலைச்சொல் அல்ல, விளக்கம். மேலும் ‘இல்லா’ ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். வாசலில் விரட்டிய எதிர்மறை கொல்லை வழியாக வந்துவிட்டது. ‘ச்’ விடுபட்டிருந்தால் அச்சகத்துக்குப் போன் போடுங்கள்.