தரிசாக விட்ட நிலம்: என் முதல் பிழையும் பின்னர் கற்றதும்

வறண்ட பகுதிகளில் நிலத்துக்கு ஓய்வு கொடுத்து மண்ணை மீட்டவர்கள் தங்கள் அனுபவத்தை எழுத வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். மீட்டுவிட்டேன் என்று சொல்ல நான் துணியமாட்டேன். எட்டு ஆண்டுகளாக ஒரு துண்டு நிலத்தோடு இருந்து, அது எங்கே இணங்கியது, எங்கே முரண்டு பிடித்தது என்று பார்த்திருக்கிறேன், அவ்வளவுதான்.

நிலம் கைக்கு வந்தபோது மேல்மண் பல இடங்களில் அரித்துப் போய் அடிமண் வெளியே தெரிந்தது. ஓய்வு என்றால் பயிர் வைக்காமல் இருப்பது என்று மட்டுமே அப்போது புரிந்துகொண்டிருந்தேன். ஆகவே ஆழ உழுது, களை தலைகாட்டும்போதெல்லாம் மறுபடி உழுது, ஒரு முழுப் பருவம் நிலத்தை வெறும் மண்ணாகவே வைத்திருந்தேன். அடுத்த பருவத்துக்கு ஈரம் மிஞ்சும் என்று படித்திருந்தேன். அதில் பொய்யும் இல்லை. வட அமெரிக்கச் சமவெளிகளில் அந்த நோக்கத்துக்காகவே இந்த வழக்கம் நெடுங்காலம் இருந்தது. ஆனால் மூடாக்கு இல்லாத மண்ணைக் காற்று என்ன செய்யும் என்பதை 1930-களின் புழுதிப் புயல்கள் அங்கே காட்டின. அதோடு, உறிஞ்ச வேர் இல்லாத நீர் கீழிறங்கி, உப்பைக் கரைத்துக்கொண்டு தாழ்வான இடங்களில் வெளிப்பட்டு, உவர்த்திட்டுகளையும் உண்டாக்கியது. என் நிலத்தில் உவர் வரவில்லை, காற்று வந்தது. வேலியோரம் குவிந்து கிடந்த மென்புழுதி என் சொந்த மேல்மண்தான் என்று உறைக்கவே எனக்குச் சில வாரங்கள் ஆயின. பிறகு பெய்த முதல் மழையில், உழுது நொறுங்கியிருந்த மண்கட்டிகள் துளிகளின் அடியில் கரைந்து, நுண்துகள்கள் மண்ணின் துளைகளை அடைத்து, காய்ந்ததும் நகம் இறங்காத பொருக்காக இறுகிவிட்டன.

அடுத்த ஆண்டு உழவை நிறுத்தி, முள்வேலி அடைத்து, கால்நடைகளை வெளியே வைத்தேன். நிலத்தில் பாதி, நான் எதையும் நடாமலே பதில் சொல்லியது. ஆண்டுதோறும் வெட்டியும் மேய்ந்தும் தரையோடு தேய்ந்திருந்த பழைய வேர்க்கட்டைகள் துளிர்விட்டன. மேற்கு ஆப்பிரிக்க நாடான நைஜரின் மராடிப் பகுதியில் 1980-களில் டோனி ரினாடோ என்ற ஆஸ்திரேலிய வேளாண் அறிஞர் கவனித்ததும் இதைத்தான். வெளியிலிருந்து கன்று கொண்டுவந்து நட்டவை பெரும்பாலும் கருகிப் போக, மண்ணுக்கடியில் உயிரோடு கிடந்த கட்டைகளிலிருந்து வரும் துளிர்களில் சிலவற்றை மட்டும் விட்டு மற்றவற்றைக் கழித்தால் மரம் தானே எழும் என்று அவர் கண்டார். அந்த முறை உழவர்கள் கையில் பரவி, அந்நாட்டில் சுமார் 50 லட்சம் ஹெக்டேரில் மரங்கள் திரும்பின. நானும் கட்டைக்கு மூன்று துளிர் என்று விட்டு வளர்த்தேன்.

மற்றப் பாதி மூன்று ஆண்டுகள் அசையவே இல்லை. கட்டையும் இல்லை, விதை தங்க ஒரு கீறலும் இல்லை. விழுந்த விதையை எல்லாம் காற்றும் வெள்ளமும் கொண்டுபோயின. வேலி மட்டும் போதும் என்று நம்பியிருந்த எனக்கு அது பெரிய ஏமாற்றம். நியூ மெக்சிகோவில் 1912-இல் தொடங்கிய ஹோர்னாடா ஆய்வு நிலத்தில், புல்வெளி புதர்க்காடாக மாறிவிட்ட சில இடங்களை மேய்ச்சலின்றிப் பல பத்தாண்டுகள் அடைத்து வைத்தும் பழைய புல் திரும்பவில்லை என்று பின்னர் படித்தபோதுதான், ஓர் எல்லையைத் தாண்டிப் போன மண் தானாகத் திரும்பி வராது என்பது எனக்கு விளங்கியது. புர்கினா ஃபாசோவின் உழவர் யாகூபா சவடோகோ மேம்படுத்திப் பரப்பிய, ஸாய் எனப்படும் நடவுக்குழி முறையைப் பின்பற்றி, கோடையில் ஒரு சாண் அகலத்துக்குச் சற்றுக் கூடுதலான குழிகளை வெட்டி, ஒவ்வொன்றிலும் ஒரு கை எருவும் சருகும் போட்டேன். எருவைத் தேடிக் கறையான் வந்தது. பயிருக்குப் பகை என்று நான் விரட்டி வந்த அதே கறையான், பொருக்கின் அடியில் வளை தோண்டி, நீர் இறங்க வழி செய்து கொடுத்தது.

இங்கே இன்னொரு பிழையையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரு மூலையில் கரும்பச்சை படிந்து சொரசொரப்பாக இருந்த மேற்பரப்பையும் பொருக்கு என்று நினைத்துக் கொத்திவிட்டேன். அது மழை இறுக்கிய பொருக்கு அல்ல. நீலப்பச்சைப் பாசியும், பூஞ்சையும் பாசியும் சேர்ந்து வாழும் லைக்கனும், பாசிச்செடியும் மண்துகள்களைப் பிணைத்து வளர்த்த உயிர்ப்போர்வை. ஒரு காலடியில் உடையும் அது மறுபடி கூடப் பல ஆண்டுகள், சில இடங்களில் பல பத்தாண்டுகள் ஆகும். அந்த மூலை இன்னும் ஆறவில்லை.

அடிப்பகுதி வெட்டிய ஒரு தகர டப்பாவை மண்ணில் இரண்டு விரற்கடை அழுத்தி, ஒரு செம்பு நீர் ஊற்றி, அது இறங்கும் நேரத்தை ஆண்டுக்கொரு முறை குறித்து வருகிறேன். தொடக்கத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் தேங்கி நின்ற நீர், குழி வெட்டிய பகுதியில் சென்ற முறை இருபது நிமிடத்துக்குள் இறங்கியது.

*

மேலே எழுதிய நண்பருக்கு வணக்கம். உங்களுடையது உழவு நிலம், என்னுடையது மேய்ச்சல் நிலம். ஆகவே என் சிக்கல் வேறு வகையானது. நான் ஆறு ஆண்டுகள் ஒரு ஆடுகூட நுழையாமல் அடைத்து வைத்தேன். முதல் மூன்று ஆண்டுகளில் புல் அடர்ந்தது. அதன் பிறகு, வறண்ட காற்றில் மட்காத பழைய புல்தாள்கள் சாம்பல் நிறத்தில் நின்றபடியே காய்ந்து, அடியிலிருந்து வர வேண்டிய புதுத் தூர்களுக்கு வெளிச்சத்தை மறைத்தன. இடைவெளிகளில் சீமைக்கருவேலம் புகுந்தது. நெருக்கமான மந்தையைக் குறுகிய காலம் மேயவிட்டு நகர்த்துவதே மருந்து என்று ஜிம்பாப்வேயின் சூழலியலாளர் ஆலன் சேவரி சொல்வதும், அவர் சொல்லும் அளவு பயனை ஆய்வுகள் காட்டவில்லை என்று மேய்ச்சல் நில ஆய்வாளர் பலர் மறுப்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். என் ஒரு துண்டு நிலத்தை வைத்து அந்த வழக்கைத் தீர்க்க நான் முனையவில்லை. வடக்கு எத்தியோப்பியாவின் திக்ரேயில் அடைத்த சரிவுகளில் செய்வதுபோல, கால்நடையை உள்ளே விடாமல் புல்லை அறுத்துச் சுமந்து வந்து போடுகிறேன்.

ஆண்டு முழுவதும் அடைப்பதைவிட, எப்போது அடைப்பது என்பது முக்கியம் என்பது என் கருத்து. முதல் மழைக்குப் பின் பல்லாண்டுப் புல், அடித்தூரிலும் வேரிலும் சேமித்து வைத்ததைச் செலவிட்டே துளிர்க்கிறது. இலை விரிந்து அந்தக் கடனை அடைப்பதற்குள் அதை மறுபடி மேய்ந்துவிட்டால் வேர் சுருங்கும். அந்தச் சில வாரங்களை மட்டுமாவது காத்தால், காய்ந்த காலத்தில் அளவோடு மேய்ப்பதைப் புல் தாங்கிக்கொள்கிறது.

*

இருவரும் தனி நிலத்தைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். நாங்கள் அடைத்தது பொது நிலம். வேலிக்குள் புல் எழுந்தது உண்மை. ஆனால் அங்கே மேய்ந்த ஆடுகள் காற்றில் கரைந்துவிடவில்லை, அடுத்த சரிவுக்குப் போய் அதைத் தேய்த்தன. இரண்டாம் ஆண்டு அளந்து பார்த்தபோது, ஆற வைத்த பரப்பும் புதிதாகத் தேய்ந்த பரப்பும் ஏறக்குறைய சமமாக இருந்தன. காற்று கொண்டுவந்து படியவைத்த மென்மண்ணாலான சீனாவின் லோயஸ் பீடபூமியில் மேய்ச்சலைத் தடுத்தபோது, கொட்டிலில் கட்டித் தீனி போடும் முறைக்கும் சேர்த்தே மக்களை மாற்றினார்கள். தான்சானியாவின் ஷின்யாங்காவில் 1986-க்குப் பின் மீண்டும் உயிர்பெற்ற ங்கிட்டிலி என்னும் பழைய வழக்கத்திலோ, மழைக்காலத்தில் மூடிய நிலத்தைக் கோடையின் கடுமையான நாள்களுக்குத் திறந்துவிடுவார்கள். எப்போது திறக்கும் என்று தெரிந்ததால்தான் மக்கள் காத்திருந்தார்கள் என்று நினைக்கிறேன். நாங்கள் வேலி போட்ட நாளில் திறக்கும் நாளைச் சொல்லவில்லை. முள்வேலியில் முதல் இடைவெளி விழுந்தது நான்காம் மாதத்தில்; அதை வெட்டியவர், வேலி அடைக்க எங்களோடு முள் சுமந்தவர்களில் ஒருவர்.