மேற்கு மாம்பலத்தில் இரவு அட்டெண்டர் தேவை, தெரிந்தவர்கள் சொல்லுங்க

வணக்கம். பக்கவாதத்தால் படுக்கையில் இருக்கும் 74 வயது அம்மாவுக்கு இரவு 8 முதல் காலை 8 வரை பெண் அட்டெண்டர் வேண்டும். மூக்கு வழி உணவுக் குழாய், யூரின் பை இரண்டும் உண்டு. எடை 62 கிலோ. கையைப் பிடித்து இழுக்காமல், விரிப்போடு சேர்த்துப் புரட்டத் தெரிந்தவராக இருக்கணும்.

2 மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றணும். ஏர் பெட் இருக்கிறதே என்று பலர் இதை விட்டுவிடுகிறார்கள், படுக்கைப்புண் வருவதே அதனால்தான். கரண்ட் போனால் பெட்டில் காற்று இறங்கும் என்பதால் பம்ப் இன்வெர்ட்டரில் இருக்கிறது. கஞ்சி கொடுக்கும்போதும், அதன்பின் ஒரு மணி நேரமும் தலைப்பக்கம் 30 முதல் 45 டிகிரி உயரம். மட்டமாகப் படுக்கவைத்தால் எதுக்களித்து நுரையீரலுக்குள் போய் நிமோனியா வரலாம். யூரின் பை எப்போதும் இடுப்புக்குக் கீழே.

குழாய் மாற்ற அட்டெண்டர் வேண்டாம், பதிவு பெற்ற நர்ஸ்தான். வீட்டுக்கு வந்து மாற்ற என்ன வாங்குகிறார்கள்? தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிசியோதெரபிக்குப் பதிந்தவர்கள் இந்தப் பக்கம் யாராவது உண்டா?

ஏஜென்சி பெயர் சொல்பவர்கள், ஆள் லீவு போட்டால் மாற்று ஆள் வருகிறாரா, அட்வான்ஸ் திரும்புகிறதா என்பதையும் எழுதுங்க. பண்டிகை வாரத்தில்தான் அது தெரியும்!