டாக்டர் "ஸ்ட்ரெஸ்ஸ கொறைங்க"ன்னு சொல்லிட்டாரு, எதக் கொறைக்கறது?

தோட்டத்து மைனா:
எல்லாருக்கும் வணக்கம். நான் மலேசியால சிலாங்கூர் பெஸ்தாரி ஜெயா ஊரு, அதாங்க நம்ம பழைய பத்தாங் பெர்ஜுந்தை. வயசு 41. ஃபேக்டரில ஷிஃப்ட் வேல, ஒரு வாரம் பகல் ஒரு வாரம் நைட்டு. வீட்டுக்காரர் செம்பனக் குல ஏத்தற லோரி ஓட்டறாரு, மாமியாருக்கு இனிப்பு நீர் வியாதி, பெரியவன் இந்த வருஷம் எஸ்பிஎம் பரீட்ச எழுதறான். தோட்டத்து வீட்ட விட்டு தாமான்ல, அதான் வெளில இருக்கற குடியிருப்புல, வீடு வாங்கினதுக்கு லோன் ஓடுது, காடி (கார்) லோன் வேற.

கொஞ்ச நாளாவே நெஞ்சு படபடன்னு அடிக்குது, கழுத்துலேர்ந்து தல வரைக்கும் வலி, படுத்தா தூக்கம் வரல, வந்தாலும் மூணு மணிக்கு முழிப்பு. குக்கர் விசில் அடிச்சா தூக்கிவாரிப் போடுது. சூப்பர்வைசர் வாட்ஸ்அப் குரூப்ல டிங்குன்னு சத்தம் வந்தாலே வயித்தப் பெசையுது, பாத்தா யாரோ குட்மார்னிங் பூ அனுப்பியிருப்பாங்க. சின்னவ பால் கொட்டிட்டான்னு நான் கத்தின கத்துல பக்கத்து வீட்டுக்காரங்க எட்டிப் பாத்தாங்க. பிரைவேட் கிளினிக் போனேன், பிபி கொஞ்சம் கூட இருக்கு, ஸ்ட்ரெஸ்ஸ கொறைங்கன்னு சொல்லி ரெண்டு நாள் எம்சி (மெடிக்கல் லீவு) குடுத்தாரு. நான் கேக்கறது இதான், எதக் கொறைக்கறது? லோனையா, மாமியாரையா, ஷிஃப்டையா? யாராச்சும் நெசமா செஞ்சு பாத்தத சொல்லுங்க.

சிரிப்பு சிங்காரம்:
பாசிட்டிவா நெனைங்க சிஸ்டர், எல்லாம் மேல இருக்கறவன் பாத்துக்குவான். தெனமும் ஒரு மணி நேரம் தியானம் பண்ணுங்க.

நைட் ஷிஃப்ட்:
@சிங்காரம் அந்த ஒரு மணி நேரத்த அவங்க எங்கேர்ந்து எடுக்கறதுன்னும் சொல்லிட்டுப் போங்க பாஸ் 😅

ரிட்டயர்ட் மிஸ்ஸி:
தங்கச்சி, நான் அரசாங்கக் கிளினிக்ல மிஸ்ஸியா, அதான் நர்ஸா, இருந்து ஓய்வு ஆனவ. நீங்க எழுதியிருக்கறத படிச்சா உங்க ஒடம்பு எந்நேரமும் ஓடறதுக்கு ரெடியா நிக்குதுன்னு தெரியுது. ஆபத்துன்னு மூளைக்குப் பட்டா கிட்னி மேல இருக்கற அட்ரினல் சுரப்பி அட்ரினலின விடும், நெஞ்சு வேகமா அடிக்கும், தச இறுகும், செரிமானம் மந்தமாகும், அப்புறம் கார்ட்டிசோல்ங்கற இன்னொரு ஹார்மோன் வந்து ரத்தத்துல சீனிய ஏத்தி வைக்கும். செம்பனக் காட்டுல நல்ல பாம்பக் கண்டா இதெல்லாம் வேணும், ஓடித் தப்பிக்கலாம், பாம்பு போனதும் அடங்கிடும். லோனும் வாட்ஸ்அப் குரூப்பும் போகவே மாட்டேங்குதே, அதனாலதான் அடங்க மாட்டேங்குது. இதுல கார்ட்டிசோல் சாதாரணமா விடியகாலைல ஏறி ராத்திரில எறங்கணும், நீங்க ஷிஃப்ட் மாத்தி மாத்திப் போனா அந்தக் கணக்கும் கொழம்பிடும். நீங்க பலவீனமான ஆளுன்னு நெனச்சுக்காதீங்க.

ஆனா ஒண்ணு. எல்லாத்தையும் ஸ்ட்ரெஸ்னு தள்ளிடக் கூடாது. ரத்தம் கொறஞ்சாலும் தைராய்டு கூடினாலும் இதே மாதிரிதான் படபடக்கும், உங்க வயசுல மாசக் கணக்கு மாற ஆரம்பிச்சாலும் தூக்கம் கெடும். கிளினிக் கெசிஹாத்தான்ல, அதான் அரசாங்கக் கிளினிக்ல, ஒரு வெள்ளி (ரிங்கிட்) குடுத்துப் பதிஞ்சு டாக்டர்கிட்ட ரத்தம் சோதிக்கக் கேளுங்க. நெஞ்சு வலி கைக்கு எறங்குச்சு, வேர்த்துக் கொட்டுச்சு, மூச்சு தெணறுச்சுன்னா இங்க வந்து போஸ்ட் போடாதீங்க, 999 அடிங்க.

அங்கயே டாஸ் 21ன்னு ஒரு ஃபார்ம் இருக்கு, 21 கேள்வி, போன ஒரு வாரம் எப்படி இருந்தீங்கன்னு கேக்கும், மன அழுத்தம் பதற்றம் மனச்சோர்வு மூணையும் தனித்தனியா காட்டும். அத வச்சு இன்ன நோய்னு முடிவு பண்ண முடியாது, அடுத்து யாரப் பாக்கணும்னு டாக்டருக்குத் தெரியும், அவ்வளவுதான். பயப்படாதீங்க, நெறைய பேர் பைத்தியக்காரின்னு எழுதிடுவாங்களோன்னு ஃபார்ம அப்படியே திருப்பிக் குடுத்துடுவாங்க.

அதுவரைக்கும், மூச்ச நாலு எண்ணி உள்ள இழுத்து ஆறு எண்ணி மெதுவா வெளிய விடுங்க. வெளிய விடறது நீளமா இருந்தா நெஞ்சு அடிக்கறது எறங்கும். ஃபேக்டரி பஸ்ல உக்காந்தே செய்யலாம், பக்கத்து சீட்டுக்குக் கூட தெரியாது. அப்படியே பல்லக் கடிச்சிக்கிட்டு இருக்கீங்களான்னு பாருங்க, கழுத்து வலிக்கு ஒரு காரணம் அதுவா இருக்கலாம்.

பழைய மண்டோர்:
ஏம்மா, நாங்க விடிகாலைல பெரட்டுக்கு (ஆள் கணக்கு எடுக்க) நின்னு, பால்மரம் வெட்டி, மத்தியானம் வெளிக்காட்டு வேலையும் பாத்தோம், எங்களுக்கெல்லாம் இந்த ஸ்ட்ரெஸ்ஸே கெடையாது. சாயங்காலம் கோயில் முன்னாடி எல்லாரும் உக்காந்து பேசுவோம், புள்ளைங்கள ஆயக்கொட்டாய்ல விட்டா கவலையே இல்ல. இப்பதான் எல்லாம் கதவ சாத்திக்கிட்டு போன பாக்குறீங்க.

லயத்து வீட்டுப் பேத்தி:
ஐயா கோவிச்சுக்காதீங்க, ஆயக்கொட்டாயும் கோயில் திடலும் நெசமாவே பெரிய தொண, ஒத்துக்கறேன், தாமான்ல அது இல்ல. ஆனா ஸ்ட்ரெஸ் இல்லன்னு மட்டும் சொல்லாதீங்க. கள்ளுக்கடைலயும் சம்சு போத்தல்லயும் போனது என்னவாம்? எங்க தாத்தா சம்பள நாள்ல வீட்டுக்கு வந்தா பாட்டி புள்ளைங்கள கூட்டிக்கிட்டு பக்கத்து லயத்துல போய் ஒளிஞ்சுக்குவாங்களாம். பேரு வேணா வைக்காம இருந்திருப்பீங்க.

பழைய மண்டோர்:
அது உண்மதாம்மா. சம்சு குடிச்சு நம்ம ஆளுங்க எத்தன பேரு போனாங்க.

நைட் ஷிஃப்ட்:
அக்கா நானும் ஷிஃப்ட்தான், அதனால சொல்றேன், எதக் கொறைக்கறதுன்னு கேட்டீங்கல்ல, மொதல்ல கொப்பி ஓ, அதான் பால் ஊத்தாத காப்பி. தூக்கம் வராம இருக்க நைட்ல நாலு மணிக்கு ஒரு கப் அடிப்போம், அதுல இருக்கற காஃபின் பாதி எறங்கவே ஏறக்கொறைய அஞ்சு மணி நேரம் ஆகும், காலைல எட்டு மணிக்கு வீட்டுக்கு வந்து படுத்தா எப்படித் தூக்கம் வரும்? ஷிஃப்ட் ஆரம்பத்துல குடிங்க, நடுராத்திரிக்கு மேல வேணாம். ரூம் ஜன்னலுக்குக் கறுப்புத் துணி போடுங்க. நைட்டு முடிஞ்சு வந்து தூங்கறதுக்குள்ள மாமியாருக்கு சமைக்கறது துணி தொவைக்கறதுன்னு ஆரம்பிச்சுடாதீங்க, அண்ணனையும் பெரியவனையும் அதுக்குப் பழக்குங்க, எஸ்பிஎம் படிக்கற பையன் சோறு வடிச்சா மார்க்கு கொறஞ்சிடாது.

ரெண்டாவது ஓட்டி, அதாங்க ஓவர்டைம். காசுக்காக எல்லாத்துக்கும் கை தூக்குவோம், நானும்தான். 2023 ஜனவரிலேர்ந்து வாரத்துக்கு 45 மணி நேரம்தான் சாதாரண வேல, முன்ன 48. ஓட்டி மாசத்துக்கு 104 மணி நேரத்துக்கு மேல போகக் கூடாதுன்னு சட்டம் இருக்கு. உங்க பேஸ்லிப்ப எடுத்து எத்தன மணி நேரம்னு பாருங்க, பாத்தா நீங்களே அசந்து போவீங்க.

லோனுக்கு ஏகேபிகே போங்க, கடன் ஆலோசனை குடுக்கற இடம். நாட்டோட மத்திய வங்கி பேங்க் நெகாரா 2006ல ஆரம்பிச்சது, காசு வாங்க மாட்டாங்க, உங்க சம்பளம் கடன் எல்லாத்தையும் ஒக்காந்து கணக்குப் பாத்து பேங்க்கிட்ட பேசி மாசத் தவணைய கொறைக்க வழி இருக்கான்னு பாப்பாங்க. லைசென்ஸ் இல்லாம வட்டிக்கு விடற ஆ லோங்கிட்ட வாங்கின கடனுக்கு இது ஒதவாது, அது வேற கத.

லயத்து வீட்டுப் பேத்தி:
இன்னொண்ணு, ரொம்ப முடியல, இருக்கவே புடிக்கலன்னு தோணுச்சுன்னா மனசு விட்டுப் பேச பெஃப்ரெண்டர்ஸ் உதவி லைன் 03-7627 2929, ராத்திரி பகல் எந்நேரமும் எடுப்பாங்க, தமிழ்ல பேச ஆள் இருக்காங்களான்னு கேளுங்க. நீங்க அந்த அளவுக்கு இல்லன்னு தெரியுது, ஆனா இத படிச்சிட்டு பேசாம போறவங்க யாராச்சும் இருப்பாங்கல்ல.

தோட்டத்து மைனா:
எல்லாருக்கும் நன்றி. மிஸ்ஸி அக்கா சொன்னப்பதான் பாத்தேன், இத டைப் பண்றப்பவும் பல்லக் கடிச்சிக்கிட்டுதான் இருக்கேன். வாட்ஸ்அப் குரூப்ப மியூட் பண்ணிட்டேன், அவசரம்னா போன் அடிக்கட்டும்னு லைன் லீடர்கிட்ட சொன்னேன், மூஞ்சிய ஒரு மாதிரி வச்சாரு ஆனா சரின்னுட்டாரு. பேஸ்லிப்பும் பாத்தேன், போன மாசம் 96 மணி நேரம் ஓட்டி. வீட்டுக்காரர்கிட்ட காட்டினேன், அவரு ஒண்ணும் பேசல, மறுநாள் அவரே மாமியார கிளினிக் கூட்டிட்டுப் போனாரு, கேக்காமலே. ஏகேபிகே போறதுக்கு மட்டும் அவருக்கு வெக்கமா இருக்கு, பேங்க்ல பேரு கெட்டுடும்ங்கறாரு, அத எப்படி பேசறதுன்னு தெரியல.

வர்ற வாரம் பகல் ஷிஃப்ட், ஒரு நாள் லீவு போட்டு கிளினிக் கெசிஹாத்தான் போறேன். அக்கா, அந்த ஃபார்ம் மலாய்லயா இருக்கும்?

ரிட்டயர்ட் மிஸ்ஸி:
மலாய்தான் அதிகமா வச்சிருப்பாங்க. புரியலன்னா மிஸ்ஸிகிட்ட கேளுங்க, மகன கூட்டிட்டுப் போய் அவன வச்சு எழுதாதீங்க, புள்ள முன்னாடி உண்மைய எழுத மாட்டீங்க. பிபி எடுக்கறதுக்கு அர மணி நேரம் முன்னாடி கொப்பி வேணாம், போனதும் ஒடனே கையக் குடுக்காம அஞ்சு நிமிஷம் சாய்ஞ்சு உக்காருங்க. ஏகேபிகேக்கு வீட்டுக்காரர் வரலன்னா நீங்க மட்டும் மொதல்ல போய் விவரம் கேட்டுட்டு வாங்க, கேக்கறதுக்கு கையெழுத்து ஒண்ணும் போட வேணாம்.